கூடைப்பந்தா, சாஃப்ட்பாலா, இரண்டுமா? அமெரிக்கக் கல்லூரியை நோக்கி ஆடும் மகளுக்கான ஒப்பீடு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் குளிர்காலத்தில் கூடைப்பந்தும் வசந்தத்தில், பேஸ்பாலைப் போன்ற மட்டை ஆட்டமான சாஃப்ட்பாலும் ஆடும் பெண்கள் ஏராளம். ஒரு பருவம் முடியும்போது மற்றது தொடங்குவதால், பத்தாம் வகுப்பு வரை இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் ஓடும். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு கனக்கத் தொடங்குகிறது. கல்லூரியில் எதை ஆடுவது? இரண்டையும் ஆட முடியுமா? நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் வட கரோலினாவிலும் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் இப்போது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

"எதில் கெட்டிக்காரியோ அதை ஆடட்டும்" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. அது போதவே போதாது. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே தரத்தில் ஆடும் பெண்ணுக்குத் திறமை முடிவு சொல்லாது, நாள்காட்டிதான் சொல்லும். எந்தக் கல்லூரியில், எந்த மாதத்தில், எந்தப் பயிற்சியாளரின் கைக்குள் அவள் இருப்பாள் என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் அளவுகோல்கள்

கண் முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்சப் பிரிவான முதல் பிரிவில் கூடைப்பந்து மட்டும் ஆடுவது. முதல் பிரிவில் சாஃப்ட்பால் மட்டும் ஆடுவது. மூன்றாம் பிரிவுக் கல்லூரியில் இரண்டையும் ஆடுவது. நான்கு ஆண்டுகள் ஒன்றை ஆடிவிட்டு ஐந்தாம் ஆண்டில் மற்றதை ஆடுவது. கடைசி வழி பலருக்குத் தெரியாது.

இவற்றை எடைபோட ஆறு கேள்விகள் போதும். அணியில் உண்மையாக ஆடும் இடம் கிடைக்குமா? பணம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்? உடல் தாங்குமா? விரும்பிய பட்டப்படிப்பைப் படிக்க முடியுமா? பட்டம் வாங்கிய பிறகு அந்த ஆட்டத்துக்கு ஏதேனும் எதிர்காலம் உண்டா? இவை அனைத்துக்கும் முன்னால் நிற்பது ஆறாவது: இரண்டு பருவங்களும் எங்கே மோதுகின்றன?

அந்த மோதலைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முதல் பிரிவில் பெண்கள் கூடைப்பந்து நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் மாதம் வரை ஓடும். 68 அணிகள் ஆடும் தேசியத் தொடருக்குள் நுழைந்தால் ஏப்ரல் தொடக்கம் வரை நீளும். சாஃப்ட்பாலோ பிப்ரவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். வடக்கே பனி மூடியிருக்கும் நாட்களில் அணிகள் கலிபோர்னியா, அரிசோனா, புளோரிடா என்று பறந்து சென்று ஒரே வார இறுதியில் நான்கைந்து ஆட்டங்கள் ஆடுகின்றன. கூடைப்பந்து அணியின் பருவம் முடிந்து ஒரு பெண் சாஃப்ட்பால் திடலுக்கு வந்து சேரும்போது, அந்த அணி இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை முடித்திருக்கும். அவளுக்காக எந்தப் பயிற்சியாளரும் ஷார்ட்ஸ்டாப் இடத்தைக் காலியாக வைத்திருக்கப் போவதில்லை.

மூன்றாம் பிரிவில் கதை வேறு. பெரும்பாலான அணிகளுக்குக் கூடைப்பந்து பிப்ரவரி இறுதியில் முடிந்துவிடும். குளிர்ப் பகுதிக் கல்லூரிகள் பலவற்றுக்கு முதல் சாஃப்ட்பால் ஆட்டங்களே மார்ச் மாத வசந்த விடுமுறையில்தான் வரும். பஸ்ஸிலோ விமானத்திலோ புளோரிடாவின் கிளர்மான்ட் பக்கம் போய் ஆடிவிட்டு வருவார்கள். அங்கே மோதுவது சில வாரப் பயிற்சி மட்டுமே, ஆட்டங்கள் அல்ல. இரண்டையும் ஆடும் பெண்களை மூன்றாம் பிரிவில் அடிக்கடியும் முதல் பிரிவில் அபூர்வமாகவும் பார்ப்பதற்கு முக்கியக் காரணம் இந்த நாள்காட்டிதான்.

| அளவுகோல் | முதல் பிரிவு கூடைப்பந்து | முதல் பிரிவு சாஃப்ட்பால் | மூன்றாம் பிரிவில் இரண்டும் | ஐந்தாம் ஆண்டில் இரண்டாவது |
|---|---|---|---|---|
| பருவம் | நவம்பர் முதல் மார்ச் வரை | பிப்ரவரி முதல் மே வரை. தேசியத் தொடர் ஜூன் வரை | நவம்பர் முதல் மே வரை, இடைவெளி இல்லை | ஒரு நேரத்தில் ஒன்று |
| அணி இடங்கள் | 15 | 25 | கல்லூரிக்குக் கல்லூரி மாறும் | பயிற்சியாளரின் விருப்பம் |
| விளையாட்டு உதவித்தொகை | முழுமையாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம் | பகுதியாகவே எதிர்பார்க்க வேண்டும் | கிடையாது | உறுதி இல்லை |
| உடலுக்கு முக்கிய ஆபத்து | முழங்கால் | பந்து வீசும் பிட்சருக்குத் தோளும் முதுகும் | ஓய்வின்மை | நீண்ட இடைவெளியின் துரு |
| கடினமான படிப்புகளுடன் பொருத்தம் | கடினம் | கடினம், வசந்தத்தில் மிகக் கடினம் | ஓரளவு எளிது | முதுகலைக்குப் பொருந்தும் |
| பட்டத்துக்குப் பின் | டபிள்யூ.என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்), வெளிநாட்டு லீக்குகள் | ஏ.யூ.எஸ்.எல். (அமெரிக்கத் தொழில்முறை லீக்), ஜப்பான் | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் இல்லை |

முதல் பிரிவில் கூடைப்பந்து மட்டும்

பணத்தில் இதற்கு நிகர் இல்லை. நீண்ட காலமாக முதல் பிரிவுப் பெண்கள் கூடைப்பந்தில் உதவித்தொகை என்றாலே முழு உதவித்தொகைதான். ஓர் அணியில் 15 பேருக்குக் கொடுக்கலாம், ஒருவரின் தொகையைப் பிரித்து இருவருக்குக் கொடுக்க முடியாது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி அணிப் பட்டியல் வரம்பு வந்தது. கூடைப்பந்துக்கு அந்த எண் 15 என்றே நின்றுவிட்டது. அதோடு, கல்லூரிகள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கவும் வழி பிறந்தது. 2025-26 ஆண்டுக்கு ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும் பங்கு ஆண்கள் அமெரிக்க ஃபுட்பாலுக்கே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

பார்வையாளர் கூட்டமும் இங்கேதான். 2024 ஏப்ரலில் சவுத் கரோலினாவும் அயோவாவும் மோதிய இறுதியாட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 87 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட அது அதிகம். விளம்பர ஒப்பந்தங்கள் அந்தக் கூட்டத்தின் பின்னால் வருகின்றன.

இனி மறைந்திருக்கும் செலவு. 15 இடம் என்பது மிகச் சிறிய எண். வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, பள்ளியை முடித்து வரும் பதினெட்டு வயதுப் பெண்ணைவிட வேறொரு கல்லூரியில் இரண்டு பருவம் ஆடிப் பழகியவளையே பல பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள். பள்ளியிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கான கதவு அதனால் குறுகிவிட்டது. பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பெண்களில் என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேர்தான் கல்லூரி அணிகளில் இடம் பெறுகிறார்கள். முதல் பிரிவில் மட்டும் என்றால் ஒருவரைச் சற்றே தாண்டும். உயரமும் இரக்கமின்றிக் கணக்கில் வருகிறது. ஐந்தடி ஐந்து அங்குலப் பெண் முதல் பிரிவில் ஆட்டத்தை வழிநடத்தும் பாயின்ட் கார்டாக ஆட முடியும், ஆனால் பந்தைக் கையாளுவதில் அவள் அசாதாரணமானவளாக இருக்க வேண்டும். பள்ளியில் கூடைக்கு அருகே நிற்கும் ஃபார்வர்டாக ஆடிய ஐந்தடி எட்டு அங்குலப் பெண்ணின் நிலைதான் மிகவும் கடினம். கல்லூரியில் அவள் இடமே மாறிவிடும்.

முழங்காலைப் பற்றிப் பேசாமல் இந்த வழியை எடைபோடக் கூடாது. குதித்து இறங்கும்போதும் திடீரெனத் திரும்பும்போதும் கிழியும் ஏ.சி.எல். தசைநார்க் காயம், ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. யூகான் எனப்படும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பேய்ஜ் பெக்கர்ஸ் 2022 ஆகஸ்டில் அப்படி விழுந்து 2022-23 பருவம் முழுவதையும் இழந்தார். மீண்டு வந்து 2025-ல் பட்டம் வென்று அந்த ஆண்டு, டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடத்தில் தேர்வானார். தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜூஜூ வாட்கின்ஸ் 2025 மார்ச்சில் தேசியத் தொடரின் நடுவே காயம்பட்டு அடுத்த பருவத்தை ஆடாமல் நின்றார். இவர்களுக்குக் கிடைத்த மருத்துவக் குழு எல்லோருக்கும் கிடைக்காது. 2024 ஆகஸ்டிலிருந்து முதல் பிரிவுக் கல்லூரிகள், ஆட்டத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைக் கல்லூரியை விட்டுப் போன பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஏற்க வேண்டும். கையெழுத்திடும் முன் அந்த விதி அந்தக் கல்லூரியில் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

படிப்பு விஷயத்தில், 2024-ல், கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் குழுக்களான மாநாடுகள் மறுசீரமைக்கப்பட்ட பிறகு பயண தூரம் பயமுறுத்துகிறது. பிக் டென் மாநாட்டில் இப்போது மேற்குக் கரையின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் இருக்கிறது, நியூஜெர்சியின் ரட்கர்ஸும் இருக்கிறது. வாரநாளில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறந்து ஆடிவிட்டு வரும் பெண் வேதியியல் ஆய்வக வகுப்பை எப்படிப் பிடிப்பாள்? நர்சிங் படிப்பின் மருத்துவமனைப் பயிற்சியும் பொறியியலின் பிற்பகல் ஆய்வகங்களும் அணியின் பயிற்சி நேரத்தோடு நேருக்கு நேர் மோதும். சில அணிகள் வளைந்து கொடுக்கும்; பல அணிகள், எளிதான வேறு படிப்புக்கு மாறச் சொல்லி மெதுவாகத் தள்ளும்.

எப்போது இது சிறந்த தேர்வு? முழு உதவித்தொகைக் கடிதம் கையில் இருக்கும்போது. முதல் இரண்டு ஆண்டுகளில் அவள் எத்தனை நிமிடம் களத்தில் இருப்பாள் என்று பயிற்சியாளர் தெளிவாகச் சொல்லும்போது. குளிர்காலம் வந்தால் அவள் முகம் மலர்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்போது.

முதல் பிரிவில் சாஃப்ட்பால் மட்டும்

கதவு சற்று அகலம். பள்ளியில் ஆடுகிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர் ஏதாவதொரு என்.சி.ஏ.ஏ. அணிக்குப் போகிறார்கள். உயரம் பெரிய தடையல்ல. இடக்கையால் தட்டிவிட்டு முதல் பேஸுக்குப் பறக்கும் ஸ்லாப்பர், பிட்சரின் பந்தைப் பிடிக்கும் கை வேகம் மிக்க கேட்சர், சுவர் வரை ஓடிப் பந்தைப் பிடிக்கும் வெளிக்களப் பெண் என்று பல வகை உடல்வாகுக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஒரு நல்ல பிட்சருக்கோ எங்கும் தேவை.

ஆனால் பணம் மெலிவு. ஹவுஸ் உடன்பாட்டுக்கு முன்பு ஓர் அணிக்கு மொத்தம் 12 உதவித்தொகைகள்; அவற்றை இருபதுக்கு மேற்பட்டோருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். உடன்பாட்டில் சேராத கல்லூரிகளில் இன்றும் அதே 12. சேர்ந்த கல்லூரிகளில் 25 பேர் வரை முழுத் தொகை கொடுக்க விதி இடம் தருகிறது, ஆனால் கஜானா இடம் தர வேண்டுமே. அணியில் இடம் என்று சொல்லி வரும் தொலைபேசி அழைப்புக்குப் பின்னால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வருகிறது என்பது பல குடும்பங்கள் தாமதமாக அறியும் உண்மை. "எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு, எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கல்லூரியில் சேர்வதை உறுதிசெய்யக் கையெழுத்திடும் பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறையே 2024-ல் நீக்கப்பட்டுவிட்டதால், கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தமே இப்போது முக்கிய ஆவணம்.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சஸ் டெக்குக்கு 2024-ல் மாறிய பிட்சர் நைஜரி கனடிக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் கிடைத்தது. சாஃப்ட்பாலில் அதற்கு முன் யாரும் கேள்விப்படாத தொகை. 2025-ல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த பெண்கள் கல்லூரி உலகத் தொடரில் தன் அணிக்காக ஏறத்தாழ எல்லாப் பந்தையும் அவரே வீசினார். இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில், ஓர் இன்னிங்ஸுக்குள் ஐந்து ரன்கள் போய்விட, அவர் வெளியே வந்தார். எதிரணியான டெக்சஸ் பல்கலைக்கழகம் பட்டம் வென்றது. சாஃப்ட்பாலில் எல்லாம் ஒரு பிட்சரின் தோள் மேல் எப்படி ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

கீழிருந்து சுழற்றி வீசுவது இயல்பான அசைவு, அதனால் தோளுக்குச் சேதம் இல்லை என்று ஒரு காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை தவறு. கல்லூரியில் 43 அடி தூரத்திலிருந்து முழு வேகத்தில், தொடர்ந்து மூன்று நாட்கள் வீசும் பெண்ணின் தோளின் முன்பகுதியும் முதுகும் வலியால் இறுகிப்போகின்றன. உங்கள் மகள் பிட்சர் என்றால், அணியில் வேறு எத்தனை பிட்சர்கள் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நேரக் கணக்கில் ஒரு மறைவிடம் இருக்கிறது. பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணி வேலை வாங்கக் கூடாது என்பது விதி. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் அது மூன்று மணி நேரமாகவே பதிவாகும்; பயணமும் காயச் சிகிச்சையும் கணக்கிலேயே வராது. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடி, காலை எட்டு மணிக்குத் திடலுக்குப் போனவள் இரவு விடுதிக்குத் திரும்பினாலும் கணக்கில் மூன்று மணி நேரம்தான். கூடைப்பந்துக்கும் இதே விதி என்றாலும் ஆட்டங்கள் ஏறத்தாழ முப்பதுதான். 56 ஆட்டங்களில் இது வேறு பரிமாணம் எடுக்கிறது. வசந்தப் பருவப் பாடங்களைக் குறைத்து எடுத்து, கோடையில் ஈடுகட்டும் பெண்கள் பலர். கோடைப் பாடத்துக்குக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் முன்பே கேளுங்கள்.

பிட்சராகவோ கேட்சராகவோ தேவைப்படும் பெண்ணுக்கும், உயரம் கூடைப்பந்தில் கைவிட்ட வேகக்காரிக்கும் இதுவே நல்ல வழி.

மூன்றாம் பிரிவில் இரண்டும்

இந்த வழியைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே அதிகம். "உதவித்தொகை இல்லாத பிரிவா?" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் கடும் மாற்றுக் கருத்து உண்டு. எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, நியூயார்க் பல்கலைக்கழகம் ஆகியவை மூன்றாம் பிரிவில்தான் ஆடுகின்றன. நியூயார்க் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி 2024-லும் 2025-லும் தோல்வியே காணாமல் மூன்றாம் பிரிவுப் பட்டம் வென்றது. அரசுக் கட்டணத்தில் படிக்க விரும்பும் நியூஜெர்சிக் குடும்பங்களுக்கு டி.சி.என்.ஜே., ரோவன், மான்ட்கிளேர் ஸ்டேட் ஆகிய மூன்றும் இதே பிரிவில் இருக்கின்றன. படிப்பின் தரத்துக்காக எப்படியும் நாம் குறிவைக்கும் கல்லூரிகள் இவை.

விளையாட்டுக்கென்று பணம் கிடையாது என்பது உண்மை. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. மூன்றாம் பிரிவு வீரர்களில் பெரும்பான்மையோர் அவற்றில் ஏதாவதொன்றைப் பெறுகிறார்கள். ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் தனியார் கல்லூரியில் கணிசமான தகுதி உதவி கிடைத்தால், அது முதல் பிரிவுச் சாஃப்ட்பாலின் கால் பங்கு உதவித்தொகையை மிஞ்சிவிடும். காயத்தாலோ மனமாற்றத்தாலோ ஆட்டத்தை விட்டாலும் அந்தத் தொகை போகாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பெற்றோர் எத்தனை முறை வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

இதன் செலவு உடலிலும் நேரத்திலும் கழிகிறது. செப்டம்பரில் சாஃப்ட்பாலின் இலையுதிர்காலப் பயிற்சி, அக்டோபர் நடுவில் கூடைப்பந்துப் பயிற்சி, மார்ச்சில் திடலுக்குத் தாவல், மே வரை ஆட்டம். தசை வலுப்படுத்தவும் காயத்தை ஆற்றவும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வுப் பருவம் அவளுக்கு இல்லை. மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் திட்டம் இருந்தால், ஏதாவதொரு பருவத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். சாஃப்ட்பால் பிட்சராக இருப்பவள் குளிர்காலம் முழுவதும் கூடைப்பந்து ஆடிக்கொண்டே வாரம் இரண்டு மூன்று முறை வீசியாக வேண்டும். மார்ச் வரை கையைச் சும்மா வைத்துவிட்டு புளோரிடாவில் திடீரென்று ஏழு இன்னிங்ஸ் வீசுவது காயத்தை அழைத்து உட்கார வைப்பது. கூடைப்பந்துப் பயிற்சியாளர் அதற்கு நேரம் ஒதுக்குவாரா என்பதை இரண்டு பயிற்சியாளர்களையும் ஒரே அறையில் வைத்துக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இருவரும் சரி என்பார்கள்.

இரண்டாம் பிரிவு இடையில் நிற்கிறது. அங்கே கூடைப்பந்துக்கு 10, சாஃப்ட்பாலுக்கு 7.2 என்ற அளவில் பகுதி உதவித்தொகைகள் உண்டு. ஆனால் சாஃப்ட்பால் அங்கேயும் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுவதால் மோதல் முதல் பிரிவைப் போலவே இருக்கும். இரண்டு ஆண்டு ஜூனியர் கல்லூரிகளில் இரண்டும் ஆடியவர்கள் உண்டு. பின்னர் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறும்போது எத்தனை பாடங்கள் ஏற்கப்படும் என்பதே அங்கே முக்கியம்.

நான்கு ஆண்டு ஒன்று, ஐந்தாம் ஆண்டு மற்றது

முதல் பிரிவு விதி நெடுங்காலமாக இப்படித்தான் இருந்து வருகிறது: கல்லூரியில் முழுநேர மாணவியாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக் கடிகாரம் ஓடும், அதற்குள் ஒவ்வொரு விளையாட்டிலும் நான்கு பருவங்கள் ஆடலாம். "ஒவ்வொரு விளையாட்டிலும்" என்பதைக் கவனியுங்கள். கூடைப்பந்தில் நான்கு பருவங்களை முடித்தவளுக்குச் சாஃப்ட்பாலில் ஒரு பருவம்கூடச் செலவாகியிருக்காது. டியூக்கில் நான்கு ஆண்டுகள் கூடைப்பந்து ஆடிய கிரெக் பாலஸ், 2009-ல் சிரக்யூஸில் ஃபுட்பால் குவார்ட்டர்பேக்காக ஆடியது இந்த விதியின் துணையோடுதான். எத்தனை ஆண்டு, எத்தனை பருவம் என்ற கணக்கையே மாற்றும் பேச்சு இப்போது நடந்து வருவதால், நீங்கள் முடிவெடுக்கும் ஆண்டின் விதியைக் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதுகலை படிக்கும் எண்ணம் இருப்பவளுக்கு இது அழகான வாய்ப்பு. ஆனால் நடுவில் காயத்தாலோ, ஆடாமல் அணியில் காத்திருக்கும் ரெட்ஷர்ட்டாலோ ஓர் ஆண்டு போய்விட்டால் கடிகாரம் தீர்ந்துவிடும். நான்கு ஆண்டு மட்டையைத் தொடாத கை 65 மைல் வேகப் பந்தைச் சந்திக்கத் திணறும். பேஸ் ஓட்டக்காரியாகவோ வெளிக்களத்திலோ இடம் கிடைக்கலாம், பிட்சராக முடியாது. இதை முதல் திட்டமாக வைக்க வேண்டாம். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தவள் தன் இரண்டாவது காதலை முற்றாக மூடிவிட வேண்டியதில்லை என்ற ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டத்துக்குப் பின் என்ன?

இதில் நான் சுருக்கமாகவே பேசுவேன், ஏனெனில் மிகச் சிலருக்கே இது பொருந்தும். டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் ஆடத் தொடங்கியது. 2025-ல் 13 அணிகள், ஓர் அணியில் அதிகபட்சம் 12 பேர்; நாடு முழுவதற்கும் 156 வேலைகள். 2024-ல் முதல் இடத்தில் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டு லீக் சம்பளம் 76,535 டாலர்தான். துருக்கி, இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் லீக்குகள் இன்னும் பலருக்கு இடம் தருகின்றன. சாஃப்ட்பாலில் பழைய தொழில்முறை லீக் 2021-ல் மூடப்பட்டது. 2025-ல் நான்கு அணிகளோடு ஏ.யூ.எஸ்.எல். தொடங்கியது, பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி. அதில் முதலீடு செய்திருக்கிறது. ஜப்பானின் நிறுவன அணிகள் அமெரிக்கப் பிட்சர்களை நெடுங்காலமாக வரவேற்கின்றன. ஒலிம்பிக்கில் கூடைப்பந்து 1976 முதல் நிலையாக இருக்கிறது. சாஃப்ட்பால் 1996-ல் வந்து, 2008-க்குப் பின் போய், டோக்கியோவில் திரும்பி, பாரிஸில் இல்லாமல், 2028-ல் மீண்டும் வருகிறது. ஒலிம்பிக்கை நம்பி ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது.

நம் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு

மகள், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால், ஒப்பீட்டின் பணப் பக்கம் முழுவதும் மாறிவிடும். எச்-4 பிள்ளைகள் வேலை செய்து சம்பாதிக்க முடியாது. 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1 ஆக மாற வேண்டும். எஃப்-1 மாணவிக்கும் வேலைக் கட்டுப்பாடுகள் கடுமை. சக வீராங்கனைகள் கையெழுத்திடும் விளம்பர ஒப்பந்தத்திலும் வருவாய்ப் பங்கிலும் அவள் கை வைப்பது அவளுடைய விசாவையே ஆபத்தில் தள்ளலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம். விளையாட்டு உதவித்தொகைக்கு இந்தத் தடை இல்லை. அதைத் தாராளமாகப் பெறலாம். கூட்டாட்சி அரசின் கல்வி உதவி கிடைக்காது, பல தனியார் கல்லூரிகளின் வருமான அடிப்படை உதவியும் இவர்களுக்குக் குறைவு. ஆகவே எச்-4 குடும்பத்துக்கு மூன்றாம் பிரிவின் தனியார் கல்லூரி எதிர்பாராத அளவு விலை உயர்ந்ததாகிவிடலாம். முதல் பிரிவின் முழு உதவித்தொகை அந்த அளவுக்கு மதிப்பு கூடும். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள குடும்பத்துக்கு இந்தத் தராசு வேறு பக்கம் சாயும்.

எல்லோருக்கும் பொதுவான வரிக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வருமான வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் தரும் பகுதி வரிக்கு உட்பட்ட வருமானம்.

முடிவு ஜூலையில் எடுக்கப்படுகிறது

கல்லூரியில் இரண்டையும் ஆட முடியுமா என்று விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, கோடை உங்களுக்காக முடிவெடுத்துவிடும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பெண்கள் கூடைப்பந்துக் கிளப் ஆட்டங்களை வந்து பார்க்கும் நாட்கள் ஜூலையில் வருகின்றன. சாஃப்ட்பாலின் பெரிய கோடைத் தொடர்களும் அதே ஜூலையில்தான். முதல் பிரிவுச் சாஃப்ட்பால் பயிற்சியாளர்கள் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 முதல்தான் மாணவியோடு பேசலாம். அன்று காலை அவர்கள் அழைக்கும் பெயர்களின் பட்டியல் அதற்கு முந்தைய கோடையில் எழுதப்படுகிறது. இரண்டு கிளப்புகளுக்கும் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர்கள் கட்டி, இரண்டிலும் பாதித் தொடர்களைத் தவறவிடும் குடும்பங்கள் இரண்டு பட்டியலிலும் இடம் பெறாமல் போகின்றன.

ஆகவே ஒன்பதாம் வகுப்பு முடியும் வரை இரண்டையும் முழுமையாக ஆடட்டும். சிறு வயதிலேயே ஒன்றை மட்டும் திணிப்பதால் ஒரே தசைக்கு ஓயாத வேலை கொடுத்துக் காயத்தை வரவழைக்கிறோம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜென்னி ஃபின்ச், 2004 ஒலிம்பிக் தங்கம் வென்ற பிட்சர், பள்ளியில் கூடைப்பந்தும் வாலிபாலும் ஆடியவர்தான். பத்தாம் வகுப்புக் கோடையில் மட்டும் ஜூலையை ஒன்றுக்குக் கொடுங்கள். மற்றதைப் பள்ளி அணியில் தொடரலாம். மூன்றாம் பிரிவுப் பயிற்சியாளர்கள் பள்ளி ஆட்டக் காணொளியைப் பார்த்தும் அழைக்கிறார்கள், அவர்களுடைய தேர்வு பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள்கிறது.

அந்த ஜூலை எதற்கு? முதல் பிரிவு உறுதியான இலக்காக இருந்து, அவள் பிட்சரோ கேட்சரோ என்றால் சாஃப்ட்பாலுக்கு. உயரமும் பந்தைக் கையாளும் திறமையும் ஒருங்கே இருந்தால் கூடைப்பந்துக்கு. இரண்டிலும் நல்ல பள்ளி வீராங்கனை, எதிலும் முதல் பிரிவுப் பயிற்சியாளர்களின் கண்ணை நிறுத்தாதவள் என்றால் எந்த ஜூலையையும் பணயம் வைக்க வேண்டாம். அவளுக்கு முதல் பிரிவில் உதவித்தொகை இல்லாத வாக்-ஆன் இடம் ஒன்றும், மூன்றாம் பிரிவில் இரண்டு அணிகளிலும் தொடக்க வரிசை இடமும் ஒரே வாரத்தில் வந்தால், நான் தயங்காமல் மூன்றாம் பிரிவையே சொல்வேன். நான்கு ஆண்டுகள் பெஞ்சில் இருந்து கைதட்டுவதற்காக அவள் பதினான்கு வயதிலிருந்து அதிகாலையில் எழுந்திருக்கவில்லை.